சத்தமில்லாத பம்ப்பும் சும்மா இருக்காத கட்டடமும்

எங்கள் கட்டடத்தில் படியேறி வருவது கீச்சுதானா என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அவள் வயிற்றிலிருந்து சத்தம் வரும். "டக்… கிர்ர்ர்." கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் "டக்… கிர்ர்ர்."

வயிறு என்பது ஒரு பேச்சுக்கு. இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கும் மருந்துப் பம்ப்பின் சத்தம் அது. பம்ப் என்றதும் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிரிஞ்ச், அதைப் பின்னாலிருந்து மெல்ல மெல்லத் தள்ளும் ஒரு மோட்டார், இரண்டையும் அடைத்து வைத்த பெட்டி, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் கிளம்பி அவள் தோலுக்கடியில் போய் முடியும். இரவும் பகலும் துளித்துளியாக மருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டிய ஒரு நோய் அவளுக்கு. நோயின் பெயரைப் பல முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது. மருந்து நின்றால் ஆபத்து என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

கீச்சு என்பது நாங்கள் வைத்த பெயர், அவள் குரலுக்காக. கார்ட்டூன் படங்களுக்கு டப்பிங் பேசுவது அவள் தொழில். கோழிக்குஞ்சு, குட்டி வாத்து, ஒரு முறை பேசும் பல் பிரஷ். அந்தப் பல் பிரஷ் விளம்பரம் வந்த மாதம் கட்டடத்துக் குழந்தைகள் எல்லாம் ஓயாமல் பல் விளக்கின. பெரியவர்கள்தான் வாஷ் பேசின் கிடைக்காமல் வாயை மூடிக்கொண்டு ஆபீஸ் போனார்கள்.

இரண்டாவது மாடியில் அண்ணன் அண்ணியோடு இருக்கிறாள். அண்ணன் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் நல்ல தூக்கமே மருந்து என்பது அவர் கட்சி. அண்ணி இன்ஜினியர். உடம்பில் கட்டிக்கொள்ளும் மருந்துப் பம்ப்புகளை வடிவமைப்பது அவள் வேலை. கம்பெனி ஒன்றும் பெரிதில்லை. ஜன்னல் திரைகளை இழுக்கும் மோட்டார் செய்துகொண்டிருந்த ஒரு முதலாளி, "திரையை இழுக்குற மோட்டார் மருந்தைத் தள்ளாதா?" என்று ஒரு நாள் குளிக்கும்போது யோசித்ததில் பிறந்த கம்பெனி அது. கீச்சு கட்டியிருந்த பழைய பம்ப் வேறு எவரோ செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி, அடுத்த வீட்டுக்காரி தைத்த ரவிக்கையைப் பார்க்கும் தையற்காரி மாதிரி முகத்தைச் சுளிப்பாள்.

ஒரு நாள் கீச்சு தொங்கிய முகத்தோடு வந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் கட்டடத்துச் சுவர் மெல்லிசு. என் காதும் நல்ல காது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அண்ணி.

"அணில் வேஷத்துக்குக் குரல் பாத்தாங்க அண்ணி. நான் வாயைத் திறந்ததும், வாட்ச் கட்டினவங்க எல்லாம் கழட்டுங்கன்னாங்க. கழட்டினாங்க. அப்புறம் ஏசியை அணைச்சாங்க. அப்புறம் செல்போனெல்லாம் வெளிய போச்சு. அப்புறமும் டக் கிர்ர்ர். சவுண்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கிட்டு மைக்கைத் தூக்கிக்கிட்டு என் பக்கமா வந்தாரு, வந்தாரு, வயித்துக்கிட்ட வந்து நின்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பசின்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"பன்னு வாங்கிக் குடுத்தாங்க. தின்னேன். அப்புறமும் டக் கிர்ர்ர்."

அண்ணி சிரித்துவிட்டாள். கீச்சு சிரிக்கவில்லை.

"டைரக்டர் நல்ல மனுஷன்தான் அண்ணி. 'உன் குரலைக் கேட்டா நிஜ அணிலே வெக்கப்படும். ஆனா வயித்துல டைம்பாம் கட்டின அணிலை எந்தக் குழந்தைம்மா பாக்கும்?'ன்னாரு. படம் வரைஞ்சு முடிக்க இன்னும் வருஷத்துக்கு மேல ஆகுமாம். அதுக்குள்ள சத்தமில்லாத வயித்தோட வந்தா அணில் எனக்கு. இல்லேன்னா இன்னொரு பொண்ணு ரெடியா இருக்கா. அவ குரல் அணில் இல்ல அண்ணி, பெருச்சாளி! இத்தனை நாளா நான் ஓரமா நின்னு கத்துற குஞ்சுதான். படம் முழுக்க வர்ற ஒண்ணு இப்பத்தான் முதல் தடவையா வருது. அதையும் இந்தப் பாழாப்போன டக் கிர்ர்ர் தின்னுடுச்சு."

"பெருச்சாளிக்கு அணிலைக் குடுக்க விடமாட்டேன்" என்றாள் அண்ணி. சொன்ன வேகத்தில் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

சிரிஞ்சோடு மல்லுக்கட்டுவது சாமானியமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருந்தை நிரப்ப அதன் தண்டைப் பின்னால் இழுத்தால் சிரிஞ்ச் இரண்டு மடங்கு நீளமாகிவிடும். அந்தத் தண்டைத் தள்ளும் திருகுக்கம்பி அதற்கும் பின்னால் நிற்கும். அதனால்தான் பழைய பம்ப் புல்லாங்குழல் பெட்டி மாதிரி நீண்டு, கீச்சு குனியும்போதெல்லாம் விலாவில் குத்தும். அண்ணி முதல் வேலையாகத் தண்டை வெட்டி எறிந்தாள். திருகுக்கம்பியை சிரிஞ்சுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தாள். லிப்ஸ்டிக்கின் அடியைத் திருகினால் சாயம் மெல்ல மேலே வருகிறதே, கிட்டத்தட்ட அதே வித்தை. கம்பி திரும்பத் திரும்ப, அதைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு குட்டிக் கை நகர்ந்து வந்து, சிரிஞ்சுக்குள் இருக்கும் ரப்பர் அடைப்பை முதுகில் தள்ளும். புல்லாங்குழல் பெட்டி சோப்பு டப்பா ஆகிவிட்டது.

அடுத்தது சத்தம். பழைய பம்ப் ஒரு சோம்பேறி. கொஞ்ச நேரம் தூங்கும், திடீரென்று விழித்து ஒரு தள்ளு தள்ளும், மறுபடி தூங்கும். அண்ணியின் மோட்டாரோ நிற்கவும் நிற்காது, அவசரமும் படாது. பல்சக்கரங்களின் பற்களை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினாள். ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் கவ்விக்கொள்ளும், மோதல் இல்லை. அப்போதும் லேசாக ஒரு முனகல். மோட்டாருக்கு அடியில் என்ன வைப்பது என்று அவள் மண்டை காய்ந்தபோது, அண்ணன் கடையிலிருந்து மெத்தை வெட்டிய துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார்.

"இத வை. அதுவும் நல்லா தூங்கட்டும்" என்றார்.

வைத்தாள். முனகல் அடங்கியது. மூன்று பேரும் மாறி மாறி அந்த சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

"ஓடுதா?" என்றார் அண்ணன்.

"ஓடுது."

"நெஜமாவா?"

"ஓடுதுங்க! நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி, பெருமை தாங்காமல்.

கீச்சு பெட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அணில் குரலில் கிறீச்சிட்டாள். கீழ்த்தளத்தில் ஒரு நாய் எழுந்து நின்றது.

முதலாளி மட்டும் கிறீச்சிடவில்லை. அவர் வியாபாரி. "அம்மா, திரை மோட்டார் நின்னா வெயில்தான் அடிக்கும். இது நின்னா ஆளையே அடிச்சிடும். அஞ்சு பம்ப் செய்யுங்க. கம்பெனி ஆளுங்க வேண்டாம், வெளியாளுங்க கட்டிக்கட்டும். மருந்துக்குப் பதிலா தண்ணி ஓட்டுங்க. அஞ்சுலயும் ஒரே அளவு தண்ணி வந்தாத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போவோம். அளவு தப்பிச்சுன்னா நான் திரைக்கே போயிடறேன், எனக்குத் திரையே போதும்" என்றார். அவர் திரைக்குப் போனால் அணில் பெருச்சாளிக்குப் போகும்.

வெளியாட்களுக்கு அண்ணி எங்கே போவாள்? எங்களிடம் வந்தாள். தெருவில் ஒருவர் தும்மினால் எட்டிப் பார்க்கிற கட்டடம் இது. உடம்பில் ரகசியப் பெட்டி கட்டிக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் கேட்க வேண்டுமா? கீழ்த்தளத்து ரேடியோ அத்தை முதலில் கை தூக்கினார். ஊர்ச் செய்தி எல்லாம் அவரிடம் புறப்பட்டு அவரிடமே திரும்பி வரும். அதனால்தான் அந்தப் பெயர். மேல்மாடிப் பல் டாக்டர், "நான் மருத்துவத் துறை, நான் இல்லாம எப்படி?" என்று வந்தார். முதல் மாடித் தூங்குமூஞ்சி மாமா வரவில்லை; சோபாவில் படுத்திருந்தவர் இடுப்பில் அண்ணியே போய்க் கட்டிவிட்டு வந்தாள். நான்காவது அண்ணன். ஐந்தாவது நான்.

பம்ப்புக்குள் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். டியூபின் முனை உடம்புக்குள் போகாமல் பக்கத்தில் தொங்கும் ஒரு குட்டிப் பையில் போய் முடியும்.

"உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. கட்டிக்கணும், மறந்துடணும். நான் வந்து பையை வாங்கிக்கறேன்" என்றாள் அண்ணி.

மூடியைத் திறக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. யார் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்தில் குடியிருந்தும் அப்படி நினைத்திருக்கிறாள், பாருங்கள்!

கட்டிக்கொண்ட அன்று காலையிலேயே படிக்கட்டில் ரேடியோ அத்தை என்னை மடக்கினார்.

"ஏங்க, உங்களுது ஓடுதா?"

"தெரியலையே. உங்களுது?"

"என்னோடது செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். ஒரு சத்தமும் காணோம், ஒரு அசைவும் காணோம். கல்லு மாதிரி கிடக்கு." சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்புத் தண்ணீர் அமைதியாக இருந்தது. அந்தக் குட்டிக் கை நகர்கிறதா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நகம் வளர்வதை யாராவது பார்த்திருக்கிறார்களா? அந்த வேகம்தான் அதற்கும். அத்தை மூடியை 'டப்' என்று மூடினார்.

"அந்தப் பொண்ணு பாவம். கஷ்டப்பட்டு செஞ்சிருக்கு. நின்னுபோச்சுன்னா நாமதானே சொல்லணும்? அடுப்புல பால் வச்சா தூக்கிப் பாக்கறதில்லையா, அது மாதிரிதான்" என்றார். பாலை எத்தனை முறை தூக்கிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

பல் டாக்டர், டாக்டர் என்ற முறையில் திறந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருந்த நோயாளியை விட்டுவிட்டு, பல்லைப் பார்க்கும் குச்சிக் கண்ணாடியைத் தன் இடுப்புப் பெட்டிக்குள் விட்டு ஆராய்ந்துகொண்டிருந்ததை அந்த நோயாளியே எங்களிடம் வந்து சொன்னார். அண்ணன் பாவம், பாசத்தில் திறந்தார். மனைவியின் ஆறு மாத உழைப்பு தன் இடுப்பில் வந்து செத்துவிடக் கூடாதே என்று கடையின் மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து பார்த்தார். தூங்குமூஞ்சி மாமா மட்டும் சொன்ன சொல் தவறாமல் கட்டிக்கொண்டார், மறந்தார். புரண்டு படுக்கும்போது இடித்ததா என்று பிறகு கேட்டதற்கு, "எது?" என்றார்.

நாலாம் நாள் அண்ணி பைகளை வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பையையும் ஒரு கண்ணாடி கிளாஸில் ஊற்றி, பெயரெழுதி ஒட்டி, மேஜையில் வரிசையாக வைத்தாள். ஐந்து கிளாஸிலும் ஒரே மட்டத்தில் சிவப்பு நிற்க வேண்டும்.

நின்றது படிக்கட்டு. ஒன்றில் விளிம்பு வரை, ஒன்றில் கொஞ்சம் கீழே, இன்னொன்றில் இன்னும் கீழே, அடுத்ததில் அதற்கும் கீழே, கடைசியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அண்ணியின் முகம் போன போக்கை அண்ணன் எங்களுக்கு நடித்தே காட்டினார். ஒரே அளவில் குறைந்திருந்தால் ஒரு காரணம் சொல்லலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் என்றால் எதைப் பிடிப்பது? அவள் திருகுக்கம்பியைச் சந்தேகப்பட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பல்சக்கரங்களைச் சந்தேகப்பட்டாள், ஒவ்வொரு பல்லாக எண்ணினாள். ரப்பர் அடைப்பு சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கிறதோ என்று அதற்கு எண்ணெய் தடவிப் பார்த்தாள். எல்லாம் தங்கமான பிள்ளைகள். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது. அண்ணன் காபியில் சர்க்கரை என்று ஒரு ஸ்பூன் குட்டி நட்டுகளைப் போட்டுக் கலக்கிவிட்டார். கலக்கும்போது வந்த சத்தத்தில்தான் உயிர் பிழைத்தார்.

"திங்கட்கிழமை முதலாளி வராரு. என்னன்னு சொல்லுவேன்? அஞ்சு பம்ப்பும் அஞ்சு புத்தியோட இருக்குன்னா?" என்று அண்ணி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கீச்சு வேலை முடிந்து வந்தாள், டக் கிர்ர்ர் என்று. அணில் போய்விட்டது என்று அவளுக்கும் புரிந்திருக்கும். கிளாஸ் வரிசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பெயர்களைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று அண்ணி நிமிர்ந்து பார்த்தால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"அண்ணி, ரொம்பக் கம்மியா இருக்கறது யாருது?"

"ரேடியோ அத்தையோடது."

"அதுக்கு அடுத்தது?"

அதற்கு அடுத்தது யாருடையது என்பது இந்தக் கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை.

"அதுக்கு அடுத்தது பல் டாக்டர். அப்புறம் எங்க அண்ணன். தளும்பத் தளும்ப இருக்கறது தூங்குமூஞ்சி மாமா! அண்ணி, தன் வீட்டுக் கதவு திறந்திருக்கான்னுகூடப் பாக்காத மனுஷன் அவரு. இப்பப் புரியுதா? இது பம்ப்போட கோளாறு இல்ல. கட்டடத்தோட கோளாறு!"

அண்ணி எழுந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். போலீஸ் வந்திருந்தால்கூட நாங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

"அத்தை, மூடியைத் திறந்தீங்களா?"

"நானா? திறக்கவே இல்லியே. ஒரே ஒரு தடவை, காலையில. அப்புறம் டிவியில விளம்பரம் போட்டப்போ ஒரு தடவை. எதிர்வீட்டம்மா கேட்டாங்கன்னு அவங்களுக்கு ஒரு தடவை காட்டினேன். அவங்க மருமகளுக்கு ஒரு தடவை. ஏன், உள்ள காத்து கீத்து போயிடுச்சா?"

காற்று போகவில்லை. நடந்தது வேறு. சிரிஞ்சை மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று, மூடியைத் திறந்தால் திருகுக்கம்பியைக் கவ்வியிருக்கும் கை தானாகவே வாயைத் திறந்து கம்பியை விட்டுவிடும்படி செய்திருந்தாள் அண்ணி, துணி கிளிப்பை அமுக்கினால் துணியை விடுகிறதே, அந்த மாதிரி. விட்டதும், இறுகி இருந்த ரப்பர் ஒரு நூல் அளவு பின்னால் உட்காரும். மூடியதும் கை மறுபடி கவ்வும்தான்; ஆனால் அந்த ஒரு நூல் இடைவெளியைக் கடந்து ரப்பரை மறுபடி தொட, அது போகிற வேகத்துக்கு, நாலு மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரம் முழுக்க மோட்டார் ஓடும், ஒரு சொட்டுகூட வராது. ஆக, ஓடுகிறதா ஓடுகிறதா என்று திறந்து பார்த்தவர்கள்தான் அதை ஓடவிடாமல் செய்திருக்கிறார்கள்.

அண்ணிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கரண்டியும் கையுமாகக் கூடத்தில் ஒரு சுற்று ஆடினாள். "பம்ப் நல்லாத்தான் இருக்கு! மூடிக்கு ஒரு பூட்டு போட்டா முடிஞ்சுது!"

"பூட்டு போட்டீங்கன்னா நான் ஸ்க்ரூடிரைவர் வாங்குவேன்" என்றாள் கீச்சு.

அண்ணி ஆட்டத்தை நிறுத்தினாள். "நீயுமாடி?"

"நான்தான் அண்ணி முதல்ல. அத்தைக்கு அது சிவப்புத் தண்ணி. அதுக்கே பத்து தடவை திறந்தாங்க. எனக்கு அதுல உசிரு ஓடுது. இந்த டக் கிர்ர்ர் இருக்கே, இத நான் எவ்வளவு திட்டியிருக்கேன்! ஆனா தூக்கத்துல அது ஒரு தடவை கேக்கலேன்னா எழுந்து உக்காந்துடுவேன். போயிட்டிருக்கேன், போயிட்டிருக்கேன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க பம்ப் வாயே திறக்க மாட்டேங்குது. அப்ப நான் அதோட வாயைத் திறந்து பாக்கத்தான் செய்வேன்."

கீச்சுவின் இடுப்பிலிருந்து பழைய பம்ப், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்த மாதிரி, ஒரு டக் கிர்ர்ர் விட்டது.

"ஒரு லைட்டு வச்சுடு. மினுக்கு மினுக்குன்னு எரியட்டும்" என்றார் அண்ணன்.

"அது மோட்டாருக்குக் கரண்ட் போகுதுன்னுதான் சொல்லும். நடுவுல பல்சக்கரம் வழுக்கினாலும் சிரிச்சுக்கிட்டே எரியும்" என்றாள் அண்ணி.

"அதுவுமில்லாம துணிக்குள்ள மினுக்கினா, வயித்துக்குள்ள சர்க்கஸ் கூடாரமான்னு கேப்பாங்க" என்றாள் கீச்சு.

அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "என் கடையில யாரும் கண்ணால பாத்து மெத்தை வாங்கினதில்ல. விலை கேக்கறதுக்கு முன்னாடி ஒரு அமுக்கு. விலை கேட்டப்புறம் ஒரு அமுக்கு. கை வச்சாத்தான் மனுஷனுக்கு நம்பிக்கை" என்று மெத்தைப் புராணத்தை ஆரம்பித்தார். வழக்கமாக அந்தப் புராணம் ஆரம்பித்தால் அண்ணி சமையலறைக்குப் போய்விடுவாள். இந்த முறை அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு மேஜைக்கு ஓடினாள். ஏன் கிள்ளினாள் என்று இரண்டு நாள் அவருக்குப் புரியவில்லை.

அவள் செய்தது இதுதான். திருகுக்கம்பியின் முனையிலேயே ஒரு குட்டிச் சக்கரம் மாட்டினாள். வட்டமாக இல்லாமல் பூவிதழ் மாதிரி மேடும் பள்ளமுமாக விளிம்பு. அந்த மேட்டில் ஏறி இறங்க ஒரு சின்ன ஊசி. ஊசிக்கு மேலே பெட்டியின் முகத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மெல்லிய ரப்பர் தோல். கம்பி திரும்பினால் அந்த இடம் மெல்ல எழும்பும், மெல்ல அடங்கும். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. துணிக்கு மேலேயே விரலை வைத்தால் தூங்குகிற பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருக்கும். மோட்டார் ஓடி, நடுவில் ஏதாவது வழுக்கிக் கம்பி நின்றால், எழும்பாது. பொய் சொல்லத் தெரியாத மேடு. மூடியைத் திறந்தாலும் கை இனி கம்பியை விடாது. சிரிஞ்சை மாற்றும்போது மட்டும் தனியாக ஒரு விசையை அமுக்கினால்தான் விடும்.

முதலாளியிடம் ஒரு வாரம் தவணை வாங்கினாள். மறுபடி ஐந்து பம்ப், அதே ஐந்து இடுப்பு.

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்துக்கு யாராவது புதிதாக வந்திருந்தால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்கள். கடைக்குப் போனால் இடுப்பில் ஒரு விரல். லிஃப்டுக்குக் காத்திருந்தால் இடுப்பில் ஒரு விரல். பல் டாக்டர் ஒரு கையால் பல்லைப் பிடுங்கினார் என்று கேள்வி. ரேடியோ அத்தை பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, "ம்… எழும்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மூடியை ஒருவரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் இருந்தால்தானே!

முதலாளி தராசோடு வந்து உட்கார்ந்தார். ஐந்து கிளாஸ். சிவப்பு, மேஜையில் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டம். அவர் கிளாஸை நிறுத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு பம்ப்பை எடுத்துத் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே காபி குடித்தார்.

"எழும்புதே!" என்றார்.

"எழும்பும் சார்."

"இப்ப அடங்குதே!"

"அடங்கும் சார்."

"ஏம்மா, நம்ம திரை மோட்டாருக்கும் இது மாதிரி ஒண்ணு வச்சா என்ன?"

ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் டாக்டர்கள், சோதனைகள், ஒப்புதல்கள், மறுபடி சோதனைகள். அதையெல்லாம் எழுதினால் நீங்களும் தூங்குமூஞ்சி மாமா ஆகிவிடுவீர்கள். மருந்தோடு முதலில் கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரி தேர்ந்தெடுத்தவர்களில் கீச்சுவும் ஒருத்தி என்பது மட்டும் போதும்.

அவள் புதுப் பம்ப்போடு வீடு திரும்பிய நாளை எங்கள் கட்டடம் மறக்காது. படிக்கட்டு முனையில் ரேடியோ அத்தை எதிர்வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் கீச்சு இருக்காளே, அணில் வேஷம் வந்ததும் தலைகால் தெரியாம ஆடப்போறா பாருங்க. இப்பவே நடையே மாறிடுச்சு."

"எப்படி மாறிடுச்சு அத்தை? நடந்து காட்டுங்களேன்" என்று முதுகுக்குப் பின்னால் கீச்சுக்குரல் கேட்டது.

அத்தை துள்ளிய துள்ளலில் கையிலிருந்த கீரைக்கட்டு மேல்மாடி வரை போயிற்று என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாதி மாடி வரை போனதை நானே பார்த்தேன்.

டப்பிங் நாளன்று அண்ணன் கடையை மூடினார், அண்ணி லீவு போட்டாள். துணைக்கு யாராவது வேண்டாமா என்று நானும் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் கீச்சு. சவுண்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவர் கண்ணைத் திறந்து டைரக்டரைப் பார்த்து, "சுத்தம் சார். பின் விழுந்தா கேக்கும்" என்றார். கீச்சு விரலைத் துணிமேல் வைத்துக்கொண்டாள். மேடு எழும்பியிருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது.

முதல் காட்சியில் அணில் மரத்தின் உச்சியிலிருந்து தவறி விழுகிறது. கிளை கிளையாக இடித்துக்கொண்டு, உயிர் பயத்தில் அலறிக்கொண்டு விழ வேண்டும்.

கீச்சு அலறினாள். என்ன அலறல்! ஆனால் மூன்றாவது கிளையில் அந்த அலறல் உடைந்து கிளுகிளுவென்று சிரிப்பாகிவிட்டது.

"அம்மா, அணில் சாகக் கிடக்கு. நீங்க சிரிக்கிறீங்க" என்றார் டைரக்டர்.

"சாரி சார். இன்னொரு தடவை."

இன்னொரு தடவையில் இரண்டாவது கிளையிலேயே சிரித்துவிட்டாள். அதற்கடுத்த தடவை மரத்தில் ஏறும் முன்பே.

"என்னம்மா இது?"

"வயித்துல ஒண்ணுமே கேக்கல சார்!"

"அதுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்?"

"ஆமா சார், அதான் சிரிப்பு வருது. பயந்த மாதிரி நடிக்கணும்னா ஏதாவது பயம் வேணுமே. எங்க தேடினாலும் கிடைக்கல சார்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்து அண்ணன் சிரித்தார். சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் பொறுமையாக இன்னும் நாலைந்து முறை அந்த அணிலை விழவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது முன்னைவிடச் சந்தோஷமாக விழுந்தது. கடைசியில் அவரே உதட்டைக் கடித்துக்கொண்டு உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"படம் வரையறவங்களைக் கூப்பிடுப்பா. அணிலோட வாயை மாத்தச் சொல்லு. இந்த அணில் சிரிச்சுக்கிட்டேதான் விழும்."

அடுத்த காட்சியில் ஒரு பெரிய ஆந்தை அணில்மேல் பாய வேண்டும். கீச்சு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெடி சார்" என்றாள். டைரக்டர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.